அலெக்சாண்டரின் பங்கு

செத்துப்போய் இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகள் ஆன ஒருவன்மேல் விசாகனுக்குப் பொறாமை பிறந்தது, மே மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில், இட்லித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது.

அந்தக் காலத்தில் கோயம்புத்தூரில் மாதத்தின் முதல் ஞாயிறு என்றால் வீட்டுக்கு வீடு பங்கு பார்ப்பார்கள். புருஷனும் பெண்டாட்டியும் நெற்றிப் பட்டையைக் கழற்றி மேசைமேல் வைப்பார்கள். அவள் பட்டையில் இவன் விரல் வைப்பான், இவன் பட்டையில் அவள் விரல் வைப்பாள். போன மாதம் முழுக்க அந்த மண்டைக்குள் யார் யார் எவ்வளவு இடம் பிடித்திருந்தார்கள் என்று பட்டை வரிசையாகக் காட்டிவிடும்.

பட்டை வந்தது என்னவோ நல்ல காரியத்துக்குத்தான். மூளையில் ரத்தம் கட்டப்போவதை முன்கூட்டியே சொல்லும் என்று காப்பீட்டுக்காரர்கள் இலவசமாகக் கொடுத்தார்கள். வாட்ச் கட்டுவதுபோல் ஜனங்களும் கட்டிக்கொண்டார்கள். அப்புறம் எவனோ ஒரு கெட்டிக்காரன், ஒருவரை நினைக்கும்போது மூளையில் எழும் அலை, முகத்துக்கு முகம் வேறுபடுவதுபோல் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது என்று கண்டுபிடித்தான். அத்தோடு ஊரின் நிம்மதி போயிற்று. கல்யாணத் தரகர்கள் ஜாதகத்தோடு பட்டைக் கணக்கையும் கேட்டார்கள். மகனின் பட்டையில் மளிகைக் கடைக்காரருக்குக் கீழே தன் பெயரைப் பார்த்த ஒரு தாய் சாப்பிடாமல் கிடந்தாள். ஒரே ஒரு கட்டுப்பாடு இருந்தது: தன் கணக்கைத் தானே பார்க்க முடியாது. பார்த்தால் நினைப்பே மாறிப்போகுமாம். வீட்டு மனிதர் ஒருவர் விரல் வைத்தால்தான் பட்டை வாய் திறக்கும்.

மேகலா இவன் பட்டையைத் தொட்டதே இல்லை. "எனக்கு எதுக்குங்க அதெல்லாம்?" என்று தள்ளி வைத்துவிடுவாள். விசாகனால் அப்படி விட முடியாது. பம்பு செட் கம்பெனியில் சோதனைப் பிரிவில் அவனுக்கு வேலை. தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறுகிறது, எவ்வளவு கொட்டுகிறது, மோட்டார் எவ்வளவு சூடாகிறது என்று நாளெல்லாம் அளக்கிறவன். அளக்காமல் எதையும் நம்பத் தெரியாது. அளந்த பிறகும், தான் சரியாகத்தான் அளந்தோமா என்று ஒரு தடவை உள்ளே அரிக்கும்.

அன்று மேகலாவின் பட்டை காட்டிய முதல் பெயர், அலெக்சாண்டர். நூற்றுக்கு முப்பத்தொன்று. அடுத்தது அவள் அம்மா. பிறகு வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர், தலைமை ஆசிரியை. அதற்கும் கீழே விசாகன்.

மேகலா ஒன்பதாம் வகுப்புக்கு வரலாறு எடுக்கிறவள். பாடம் நடக்கிற மாதங்களில் அந்த மாசிடோனியத் தளபதி மேலே வந்து உட்கார்ந்ததை விசாகன் பொறுத்துக்கொண்டான். இது கோடை விடுமுறை.

"ஸ்கூலுக்குத்தான் பூட்டுப் போட்டாச்சே. இவனுக்கு இன்னும் இங்க என்ன வேலை?"

"யாருக்குங்க?"

"உன்ற அலெக்சாண்டருக்கு."

சட்னிக் கரண்டியோடு திரும்பிய மேகலாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "என்ற அலெக்சாண்டராமா! செத்துப்போனவன்கூட எல்லாம் சண்டைக்கு நிக்கறீங்களே. எதிர்வீட்டுல ஒருத்தர் உயிரோட, பனியனோட நிக்கறார் பாருங்க, அவர்கூட நில்லுங்க."

"சிரிக்காத. முப்பத்தொண்ணு. எனக்கு நாலு."

"நாலு போதாதா? நாலு இட்லிக்கு மேல உங்களால தின்ன முடியுமா?"

அவள் விளையாட்டாய்ச் சொன்னாள். அவனுக்கு இட்லி இறங்கவில்லை.

அன்றிலிருந்து அவன் எதிராளியை முறையாகப் படிக்க ஆரம்பித்தான். பதினாறு வயதில் ஆட்சிப் பொறுப்பு. இருபதில் அரசன். போன இடமெல்லாம் தன் பெயரில் நகரம். செத்தது முப்பத்திரண்டில். வருகிற தை மாதம் விசாகனுக்கும் முப்பத்திரண்டு. நகரம் வேண்டாம், கம்பெனியில் அவன் மாற்றியமைத்த ஒரு வால்வுக்குக்கூட அவன் பெயர் இல்லை. மேலாளர் பெயரில் போய்விட்டது. மாலை வகுப்பில் டிப்ளமோ படிக்கிறான், அதிலும் நீரியல் தாள் இரண்டு தடவை காலை வாரிவிட்டது. ஒரு மனிதன் உலகத்தில் பாதியைப் பிடித்தது போதாதென்று, இவன் வீட்டில் இருக்கிற ஒரே ஒருத்தி தலைக்குள்ளும் வந்து கால் நீட்டிப் படுத்துக்கொள்ள வேண்டுமா? பஸ்ஸில் போகும்போது அதே நினைப்பு. பம்பு ஓடும்போது அதே நினைப்பு. சாலையில் குதிரை படம் போட்ட லாரி போனாலும் வயிறு எரிந்தது.

மேகலா தன்னை எதற்காகக் கட்டிக்கொண்டாள் என்பதே அவனுக்கு விளங்காத கணக்கு. அவர்கள் முதலில் பார்த்துக்கொண்டது ஒரு மாநகராட்சிப் பள்ளிக் கட்டடத்தில். சாயங்காலங்களில் ஓர் அறையில் இவனுடைய டிப்ளமோ வகுப்பு, பக்கத்து அறையில் அரசு வேலைக்குத் தேர்வு எழுதும் பெண்களின் வகுப்பு. சித்திரை வெயில். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் தோழிகளுக்கு ஏதோ பாடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் தொண்டை வறண்டு இருமல் பிடித்துக்கொண்டது, நிற்கவே இல்லை. முன்குழாயில் தண்ணீர் இல்லை. சங்கிலியில் கட்டியிருந்த டம்ளரையும் யாரோ அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள். வேலையிலிருந்து நேரே வந்திருந்த விசாகன், பின்புறக் கைப்பம்பை அடித்துத் தன் மஞ்சள் ஹெல்மெட்டில் தண்ணீர் பிடித்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய் வாசலில் நின்றான். அறை மொத்தமும் ஒரு கணம் வாயைப் பிளந்தது. பிறகு வெடித்துச் சிரித்தது. இருமிக்கொண்டிருந்தவள்தான் எல்லோரையும்விட அதிகம் சிரித்தாள். ஹெல்மெட்டைப் பார்த்தாள், இவனைப் பார்த்தாள், சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள்.

விசாகனுக்கு அந்தச் சிரிப்பு இன்றைக்கும் கூசும். ஹெல்மெட்டில் வேர்வை நாற்றம் அடித்திருக்கும் என்று நினைத்துக்கொள்வான். ஒரு வருடம் கழித்துத் தயங்கித் தயங்கிச் சித்தப்பாவை அனுப்பிப் பெண் கேட்டபோது அவள் உடனே சரி என்றாளாம். அவளுடைய அப்பாவின் வற்புறுத்தலாக இருக்கும் என்று அவன் முடிவு கட்டிக்கொண்டான். கேட்கவில்லை. கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

மாலை வகுப்பில் அவன் பக்கத்தில் உட்காருகிறவன் ஜெரால்டு. பகலில் ஒரு நரம்பு மருத்துவமனையில் பட்டைகளைச் சரிபார்க்கிற வேலை. வகுப்பு விட்டதும் பேக்கரியில் நின்று டீ குடிப்பார்கள். அங்கேதான் விசாகன் கேட்டான்.

"செத்தவங்க நெனப்பு தாங்காம வர்றவங்களுக்கு நீங்க என்னமோ பண்றீங்களாமே?"

"மங்க வைக்கறதுடா. பட்டையே செய்யும். ஒரு பேரைக் குறிச்சுக் குடுத்துட்டா, தூங்கறப்போ அந்த அலை எழும்பவிடாம அமுக்கிட்டே இருக்கும். ரெண்டு வாரத்துல மங்கிரும், அப்புறம் அந்தப் பேரக் கேட்டாலும் மனசுல நிக்காது. ஏன், யாரு போயிட்டா?"

"அலெக்சாண்டர்."

"பக்கத்து லைன்ல வெல்டிங் பண்ணுவாரே, அவரா? நல்லாத்தானே இருந்தார்!"

விசாகன் சொல்லி முடித்தபோது ஜெரால்டு டீயைக் கொட்டிக்கொள்ளாத குறை. "மாப்ளே, ஊர் உலகத்துல பொண்டாட்டி மேல சந்தேகப்படறவன் பார்த்திருக்கேன். கிறிஸ்து பொறக்கறதுக்கு முன்னாடி செத்தவனச் சந்தேகப்படறவன் நீ ஒருத்தன்தான்டா."

"முடியுமா முடியாதா, அதச் சொல்லு."

"அவங்க கையெழுத்துப் போட்டா முடியும். ஆனா ஒண்ணு கேட்டுக்க." ஜெரால்டு கொஞ்சம் நிதானமானான். "பட்டை ஒண்ணும் சாமி இல்ல. நெறையப் பேர் நெனைக்கற பேரு அதுக்குப் பளிச்சுனு பிடிபடும். சின்னப் பேரு மங்கலாத்தான் பிடிபடும். அத வெச்சு ஒரு குடும்பத்த அளக்காத."

விசாகனுக்கு இதில் "முடியும்" என்ற சொல் மட்டும் காதில் தங்கியது.

நேரடியாகக் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னான். டிவியில் குதிரை வந்தால் எழுந்து போனான். ஜூன் முதல் ஞாயிறு பட்டையில் முப்பத்துமூன்று என்று வந்ததும் தட்டைத் தள்ளிவிட்டான்.

மேகலா அந்தத் தட்டை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"அந்த ஆள் போயிட்டா நீங்க பழையபடி சிரிப்பீங்களா?"

"நான் எப்பச் சிரிச்சேன்?"

"அதுவும் சரிதான்" என்றாள். பிறகு, "சரிங்க. ஒரு பாடந்தானே. அதை எங்க ஸ்கூல் வசுமதி எடுத்துக்குவா. எங்க கையெழுத்துப் போடணும்?"

அவ்வளவு லேசாகச் சொல்வாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு அந்த இடத்தில் ஒரு வாய்ப்பு இருந்தது. இவ்வளவு லேசாக விடுகிறாள் என்றால் அந்த அலெக்சாண்டருக்கு அவள் மனதில் பெரிய இடம் இல்லை போலும் என்று ஒரு கணம் ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலை வைத்துக்கொண்டே நிறுத்தியிருக்கலாம். அவன் வண்டியை எடுத்தான். மருத்துவமனையில் ஜெரால்டு மேகலாவிடம் தனியாக இரண்டு தடவை கேட்டான். "இவருக்கு நிம்மதியா இருக்கட்டும் தம்பி" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது வாரம் ஒரு காலையில் அவள் காபி டம்ளரை வைத்துவிட்டு, "சர்க்கரை எவ்வளவு போடறதுங்க?" என்று கேட்டாள். விசாகனுக்கு விளையாட்டாகத்தான் பட்டது. ஆனால் அவள் முகத்தில் விளையாட்டு இல்லை. லாட்ஜில் புதிதாக வந்தவரைக் கேட்கிற மரியாதை இருந்தது.

அவளுக்கு எதுவும் மறந்துபோகவில்லை. அவன் யார் என்று தெரியும். கல்யாணம் எந்த மண்டபத்தில் நடந்தது, பந்தியில் என்ன பரிமாறினார்கள், யார் சண்டை போட்டுக்கொண்டு போனார்கள் எல்லாம் நினைவிருந்தது. ஏன் சம்மதித்தோம் என்பது மட்டும் இல்லை. அவன் உள்ளே வந்தால் புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள். அவன் தோளில் கை வைத்தால் பொறுத்துக்கொண்டாள். எதிர்வீட்டுப் பனியன்காரரைப் பற்றி ஒரு நக்கல் இல்லை. வீட்டில் சத்தமே இல்லாமல் போயிற்று.

விசாகன் பங்கு பார்க்கும் ஞாயிறுவரை காத்திருக்க முடியாமல் இடையிலேயே அவள் பட்டையில் விரல் வைத்தான். அலெக்சாண்டர் இல்லை, துடைத்துப் போட்டதுபோல். அந்த முப்பத்துமூன்றும் காலியானால் தன் நாலு ஏறும் என்று கணக்குப் போட்டிருந்தான். வரிசையின் அடிவரை தள்ளிப் பார்த்தான். அவன் பெயரும் இல்லை.

மறுநாள் சாயங்காலம் வசுமதி டீச்சர் வீட்டு வாசலில் வந்து நின்றாள். மேகலாவோடு அதே மாலை வகுப்பில் படித்தவள், இப்போது அதே பள்ளியில் வேலை. மேகலா கடைக்குப் போயிருந்தாள்.

"அண்ணா, அவளுக்கு என்ன ஆச்சு? இன்னைக்கு ஒம்பதாவதுல அந்தப் பாடம் வந்துச்சு. என்னைக் கூப்பிட்டு, இந்த ஆளப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியல, நீயே எடுத்துக்கன்னு சொல்லிட்டு நிக்கறா. பிள்ளைங்க விடுவாங்களா? ஹெல்மெட் கதை சொல்லுங்க டீச்சர்னு ஒரே சத்தம். இவ முழிக்கறா."

"எந்த ஹெல்மெட் கதை?"

"தெரியாதா உங்களுக்கு? உங்க கதைங்கண்ணா!" வசுமதி நம்பாமல் பார்த்தாள். "அலெக்சாண்டர் படையோட பாலைவனத்துல தவிச்சு வர்றப்போ, ஒரு சிப்பாய் எங்கியோ கொஞ்சம் தண்ணியைத் தேடிப் பிடிச்சுத் தலைக்கவசத்துல ஏந்திக் கொண்டாந்து குடுத்தான்னு ஒரு கதை உண்டு. என் படை குடிக்காத தண்ணி எனக்கும் வேண்டாம்னு அவன் எல்லார் முன்னாடியும் கீழ கொட்டிட்டானாம். அன்னைக்குச் சாயங்காலம் இவ எங்களுக்கு அதத்தான் சொல்லிட்டு இருந்தா. தலைக்கவசத்துல தண்ணின்னு சொன்னவதான், இரும ஆரம்பிச்சுட்டா. பார்த்தா வாசல்ல நீங்க!"

விசாகன் ஆணியில் தொங்கிய மஞ்சள் ஹெல்மெட்டைப் பார்த்தான்.

"வருசா வருசம் பிள்ளைங்ககிட்டச் சொல்லுவா. கொட்டினவன் பேரு ரெண்டாயிரம் வருசமா இருக்கு, கொண்டாந்தவன் பேரு ஒருத்தருக்கும் தெரியாது. ஆனா எனக்கு ஒருத்தரத் தெரியும், அவர் கொண்டாந்தத நான் கொட்டல, குடிச்சிட்டேன். இதச் சொல்லிட்டு அவளே வெக்கப்பட்டுச் சிரிப்பா. உங்ககிட்ட ஒரு தடவகூடச் சொன்னதில்லையா?"

சொல்ல வந்திருப்பாள். அலெக்சாண்டர் என்ற பெயரை எடுத்தாலே எழுந்து போனவன் அவன்தான்.

ஜெரால்டு பேக்கரியில் விசாகன் சொன்ன எல்லாவற்றையும் கேட்டுவிட்டு டம்ளரைக் கீழே வைத்தான். டீ ஆறியது.

"அன்னைக்கே சொன்னேன்லடா. ஒரே நெனப்புல ரெண்டு ஆள் இருந்தா, பட்டை பெரிய பேருலதான் எழுதும். உன்னை நெனைக்கறப்போ எல்லாம் அவங்களுக்கு அந்தச் சாயங்காலம் வந்திருக்கு. அந்தச் சாயங்காலத்துல அவன் இருக்கான். மொத்தக் கணக்கும் அவன் பேருக்குப் போயிருச்சு. அந்த முப்பத்தொண்ணுல முக்காவாசி நீதான்டா."

"திருப்பி வெக்க முடியுமா?"

"பேரை வெக்கலாம். அமுக்கறத நிறுத்திட்டுப் பாடப் புத்தகத்தக் குடுத்தா புதுசாப் படிச்சுக்குவாங்க. ஆனா அந்த நெனப்பு வராது மாப்ளே. அது அவனோட சேர்ந்து போயிருச்சு."

தன் சோற்றில் பங்கு கேட்டவனை விரட்டுவதாக நினைத்து அவன் கவிழ்த்தது தன் இலையையே. அன்று இரவு முழுக்க அவன் மேகலாவிடம் எப்படிச் சொல்வதென்று வரிசைப்படுத்திப் பார்த்தான். சொன்னால் நம்புவாளா? நம்பினாலும், நீ என்னை விரும்பினாய் என்று ஒருத்திக்குத் தகவல் சொல்லி என்ன ஆகப்போகிறது? சொல்லாமலே நாள் போயிற்று.

ஜூலை முதல் ஞாயிறு. அவன் குளித்துவிட்டு வந்தபோது மேகலா கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் துணிப்பை, ஜிப் போட்டு.

"கொஞ்ச நாள் பொள்ளாச்சியில அம்மாகூட இருக்கட்டுங்களா?" என்றாள். குரலில் கோபம் இல்லை. "உங்க மேல குறை ஒண்ணும் இல்லீங்க. நீங்க நல்லவராத்தான் இருக்கீங்க. எனக்குத்தான் இங்க யார் வீட்டுலயோ தங்கியிருக்கற மாதிரி இருக்குது."

"பஸ் எத்தன மணிக்கு?" என்றுதான் அவன் வாயில் வந்தது.

"பத்தரைக்குங்க."

அவள் எழுந்தாள். மேசைமேல் வழக்கம்போல் அவன் கழற்றி வைத்திருந்த பட்டை கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இத நான் பார்த்ததே இல்ல போலிருக்குதே. பார்க்கலாங்களா? போறதுக்கு முன்னாடி நீங்க யாருன்னாவது தெரிஞ்சுக்கறேன்."

விசாகன் தலையாட்டினான். அவள் விரல் வைத்தாள்.

பட்டை வரிசை காட்டியது. மேகலாவின் புருவம் சுருங்கியது. விரலை எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள்.

"யாருங்க இது?"

"யாரு?"

"அலெக்சாண்டர்னு போட்டிருக்குது. நாப்பத்தாறு!" அவள் குரல் ஏறியது. "நான் பதினொண்ணு. அதுவும் அவனுக்கு அடுத்தாப்ல. பொண்டாட்டிய விட்டுப்போட்டு அப்படி யாரை நெனச்சுட்டு இருக்கீங்க பகலெல்லாம்? கம்பெனியில இருக்கறவனா?"

விசாகன் அந்த எண்ணைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தான். மூக்கு நுனி சிவந்திருந்தது. வாரக்கணக்கில் இல்லாத ஒன்று அந்த முகத்தில் வந்து நின்றது. அது என்ன என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு மாதமாக அவன் அதைத்தான் தின்று, அதைத்தான் குடித்துக்கொண்டிருந்தான்.

"சொல்லுங்க. வாயத் தொறந்து சொல்லுங்க. யாரவன்?"

"அவன் ஒரு ராசா" என்றான். "செத்து ரொம்பக் காலம் ஆச்சு. ஒரு தடவ படையோட பாலைவனத்துல மாட்டிக்கிட்டான். யாருக்கும் குடிக்கத் தண்ணி இல்ல. அப்போ ஒரு சிப்பாய் எங்கியோ தேடி, தலைக்கவசத்துல கொஞ்சம் தண்ணி ஏந்திக் கொண்டாந்தான்."

தான் யாருடைய பெயரை அழிக்கப் பார்த்தோமோ அவன் புகழைத் தன் வாயாலேயே பாடிக்கொண்டிருக்கிறோம் என்பது அவனுக்குத் தெரிந்தது. நிறுத்தவில்லை.

"அப்புறம்?"

"ராசா அத வாங்கிக் கீழ கொட்டிட்டான். படைக்கு இல்லாத தண்ணி எனக்கு எதுக்குன்னு."

"கொட்டிட்டானா!" மேகலா பையைத் தரையில் வைத்துவிட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். "எல்லாரும் ஆகா ஓகோன்னு இருப்பாங்க. ஆனா அத்தன தூரம் சிந்தாம ஏந்திட்டு வந்தானே, அவன் மூஞ்சி எப்படி ஆயிருக்கும்? அத ஒருத்தரும் பார்க்கலையா?"

விசாகன் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"அந்தச் சிப்பாய் பேரு என்னங்க?"

தெருவில் பொள்ளாச்சி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. விசாகன் எழுந்து, வாசல் பக்கத்து ஆணியில் தொங்கிய மஞ்சள் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக் குழாயடிக்குப் போனான்.